இல்லாத எலி

மார்ச் 3, திங்கள்

மூன்றாம் அத்தியாயமும் திரும்பி வந்துவிட்டது.

ஒலிநூல் கம்பெனி எடிட்டரம்மா சுற்றி வளைக்கிற ஆள் இல்லை. "குரல் நல்லாத்தான் இருக்கும்மா. ஆனா நடுநடுவுல டப்பு டப்புன்னு ஒரு சத்தம். ஹெட்போன்ல கேக்கறவங்க காதுக்குள்ள யாரோ சொடக்குப் போட்ட மாதிரி துள்ளி விழுவாங்க." இந்த மாதக் கடைசிக்குள் சுத்தமான பதிவு வராவிட்டால் நாவலை வேறு குரலுக்குக் கொடுத்துவிடுவார்களாம். வருத்தத்தோடுதான் சொன்னார். வருத்தத்தோடு அடித்தாலும் அடி அடிதானே.

இத்தனை வருடம் நான் எதைப் படித்தேன்? லிஃப்டில் "கதவுகள் மூடுகின்றன." மருந்து விளம்பரத்தின் கடைசியில் மூச்சுவிடாமல் வரும் எச்சரிக்கை. போன் கம்பெனிக்கு, "உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம். தயவுசெய்து காத்திருக்கவும்." அந்த ஒரு வாசகத்துக்கு ஒரு நாள் முழுக்க எடுத்தார்கள். சிரித்துக்கொண்டே சொல்லுங்கள் என்பார்கள், அப்புறம் சிரிப்பு அதிகம் என்பார்கள். ஊரில் பாதிப் பேர் என் குரலைக் கேட்டுப் பல்லைக் கடித்திருப்பார்கள். இப்போதுதான் முதல்முறையாக ஒரு கதை. முழு நாவல். இதைப் போய் ஒரு டப்புச் சத்தத்துக்குப் பறிகொடுப்பதா?

மார்ச் 5, புதன்

இணையத்தில் இதற்கென்றே ஒரு கூட்டம் இருக்கிறது. டப்பு வாங்கியவர்கள் எல்லோரும் ஒன்றுகூடி அழுகிற இடம். அங்கே படித்ததில் எனக்குப் புரிந்தது இவ்வளவு: கம்ப்யூட்டர் நம் குரலைக் கோப்பை கோப்பையாக அள்ளிக்கொள்கிறது. அள்ளும்போது வேறு யாராவது கூப்பிட்டால் கவனம் சிதறி ஒரு கோப்பை கீழே சிந்திவிடும். அந்தச் சிந்தல்தான் டப்பு. கோப்பையைப் பெரிதாக்குவதற்குப் பஃபரைக் கூட்டுவது என்று பெயர்.

கூட்டினேன். மைக் வயரை வேறு ஓட்டையில் செருகினேன். மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் வசதியை அணைத்தேன். டப்பு அசரவில்லை. ஒரு புண்ணியவான் கம்ப்யூட்டரை விற்றுவிட்டுத் தோட்ட வேலைக்குப் போகச் சொல்லியிருக்கிறார். அதுவும் நல்ல யோசனைதான்.

வைஃபையை அணைக்கச் சொல்லிப் பலர் எழுதியிருந்தார்கள். இவரிடம் கேட்டேன். ஆபீஸில் ஐந்நூறு கம்ப்யூட்டரை மேய்க்கிறவர் ஆயிற்றே, வீட்டில் இருக்கும் ஒன்றைக் கேட்காமல் தொட முடியுமா? "வைஃபையை மட்டும் அணைக்காதே. பேக்கப் போகாது. போன வருஷம் டிஸ்க் போய் நீ உக்காந்து அழுதது மறந்துபோச்சா?" என்றார். மறக்கவில்லை. அப்புறம்தான் எல்லாவற்றுக்கும் தானாக நகல் போகிற மாதிரி இவரே செய்து கொடுத்தார்.

நல்ல மனுஷன். வாய் திறந்து கேட்க வேண்டியதே இல்லை. ஈரத் துண்டை நாற்காலியில் போடும் பழக்கம் கல்யாணமான நாளிலிருந்து இருந்தது. இந்த வருடம் திடீரென்று நின்றுவிட்டது. போன மாதம் என் வீட்டுச் செருப்பு தேய்ந்திருந்தது. நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை, புதுச் செருப்போடு வந்து நின்றார். அக்காவிடம் சொன்னபோது, "கண்ணு படப்போகுது, வெளிய சொல்லாதே" என்றாள்.

மார்ச் 6, வியாழன்

ஃப்ரிட்ஜை அணைத்துவிட்டுப் பதிவு செய்தேன். டப்பு போகவில்லை. பால்தான் போனது.

மார்ச் 9, ஞாயிறு

அதிசயம்! காலையிலிருந்து மதியம் வரை படித்தேன், ஒரு டப்பு இல்லை. இவர் பக்கத்து அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஓடிப்போய்ச் சொன்னேன்.

"நான் வீட்ல இருந்தா உன் கம்ப்யூட்டருக்கே பயம்" என்றார். சிரித்தோம்.

மார்ச் 11, செவ்வாய்

நேற்றும் இன்றும் மறுபடி டப்பு. இன்று மூன்று பக்கத்துக்கு ஒன்பதோ பத்தோ. ஞாயிற்றுக்கிழமை மட்டும் எங்கே போயிருந்தது? ஞாயிற்றுக்கிழமை விடுமுறையா அதற்கு?

எனக்கே என் மேல் சந்தேகம் வருகிறது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டி எழுகிற சத்தமோ? தண்ணீர் குடித்துக் குடித்துப் படித்தேன். இவர் இரவுச் சாப்பாட்டில், "உன் வாய்லேருந்து வர்ற சத்தமாக்கூட இருக்கலாம். டாக்டர்கிட்ட வேணா காட்டுவோமா?" என்றார். அக்கறையாகத்தான் கேட்டார். ஆனாலும் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டேன்.

நான் வேலை செய்கிற அழகை யாராவது பார்த்தால் டாக்டரைத் தாண்டியே யோசிப்பார்கள். தப்பாகப் படித்தால் ஒரு கைத்தட்டு. திரையில் அது ஊசி மாதிரி நிற்கும், பிறகு வெட்டும்போது தேட வேண்டாம். தட்டிவிட்டு என்னை நானே நாலு திட்டு திட்டிக்கொள்வேன். "அடியே குழறுவாணி, நாக்கை வாடகைக்கு விட்டுட்டியா?" குழறுவாணி நானே எனக்கு வைத்த பெயர். கலைவாணிக்கு ஒன்றுவிட்ட தங்கை. சில நாள் திட்டு நீண்டு பேச்சாகிவிடும். மாமியார் போனில் குத்தியது, முதுகு வலி, இவரோடு பேசுவதற்கு ஏன் எனக்கு விஷயமே இல்லாமல் போகிறது என்பது — எல்லாம் மைக்குக்குத்தான். மாலைக்குள் அதையெல்லாம் வெட்டி எறிந்துவிடுவேன். இந்த உலகத்தில் நான் யோசிக்காமல் பேசுகிற ஒரே இடம் அந்தச் சின்ன அறை. கதவில் பழைய மெத்தை, ஜன்னலில் இரண்டு கம்பளி. ஓர் ஈயின் காதுக்குக்கூடக் கேட்காது.

மார்ச் 14, வெள்ளி

இவர் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் புதுப் பெட்டி, ஸ்டூடியோக்களில் வைத்திருப்பது. "இது இருந்தா டப்பு வராது. வந்தாலும் குறையும்" என்றார்.

பிறந்தநாளும் இல்லை ஒன்றும் இல்லை. கண் கலங்கிவிட்டது. டாக்டரிடம் காட்டலாமா என்று கேட்டதற்கு மூன்று நாள் மனதுக்குள் கறுவிக்கொண்டிருந்தேனே! பாவம்.

மார்ச் 17, திங்கள்

குறைந்திருக்கிறது. போகவில்லை. எடிட்டரம்மாவுக்கு நான்காம் அத்தியாயம் அனுப்பினேன். "பரவாயில்லம்மா, ஆனா பரவாயில்லைங்கறது பத்தாதே" என்றார்.

மார்ச் 19, புதன்

காலையில் இவர் கிளம்பும் அவசரம். நான் வழக்கம்போல உளறினேன்: "ஃப்ரிட்ஜைப் பூட்டிட்டேன், கதவை அணைச்சுட்டேன்."

இவர் ஷூவுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டே, "சரிங்க குழறுவாணி" என்றார்.

சிரித்துவிட்டு டிபன் பையைக் கொடுத்தனுப்பினேன்.

மார்ச் 20, வியாழன்

அந்தப் பெயர் இவருக்கு எப்படித் தெரியும்?

நேற்று முழுக்க இது உறைக்கவே இல்லை. இன்று பாதிப் பக்கத்தில் தப்பு வந்து, கை தட்டி, "அடியே குழ—" என்று ஆரம்பித்தவள் அப்படியே நின்றுவிட்டேன். வெளியில் யாரிடமும் சொன்னதில்லை. அக்காவிடம்கூட இல்லை. தூக்கத்தில் உளறினேனா? வெட்டிய துண்டு ஏதாவது நகலோடு போய், இவர் தற்செயலாகக் கேட்டாரா? இருக்கலாம். அப்படித்தான் இருக்கும்.

அப்படி இருந்தால், "உன் திட்டைக் கேட்டேன்டி" என்று சொல்லிச் சிரித்திருப்பாரே.

இந்த நாட்குறிப்பை நான் பூட்டி வைப்பதில்லை. புடைவைகளுக்கு நடுவில் கிடக்கிறது. இப்போது எழுதும்போதே கையால் மறைத்துக்கொண்டு எழுதுகிறேன். என்ன பெண் நான்? ஒரு செல்லப் பேருக்காகப் பதினாலு வருஷத்து மனுஷனைச் சந்தேகப்படுகிறேன்.

ஆனாலும் இன்று ஒன்று செய்தேன். படித்துக்கொண்டிருந்த வரியை வேண்டுமென்றே குழறி, கை தட்டி, மைக்கைப் பார்த்துச் சொன்னேன்: "ஐயோ, சமையலறையில மறுபடியும் அந்த எலி. இவர்கிட்ட சொன்னா சிரிப்பார். சொல்லவே கூடாது."

எங்கள் வீட்டில் எலி கிடையாது. நாங்கள் இருப்பது ஐந்தாவது மாடி. இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஒரு மூஞ்சூறுகூடப் பார்த்ததில்லை.

மார்ச் 21, வெள்ளி

எலிப்பொறி வாங்கிக்கொண்டு வந்தார்.

பைக்குள்ளிருந்து எடுத்து அடுப்பு மேடைக்குக் கீழே வைத்தார். கம்பிப் பொறி, புதுசு, விலைச் சீட்டுகூடக் கிழிக்கவில்லை. "எதுக்குங்க இது?" என்றேன். என் குரல் எனக்கே போன் கம்பெனிக் குரல் மாதிரி கேட்டது.

"பஸ் ஸ்டாப்புல வித்துக்கிட்டிருந்தான். என்னைக்காவது ஆகும்ல?"

பொறி வைத்தது நான். பொறியைக் கையில் தூக்கிக்கொண்டே உள்ளே நடந்து வந்தார். சிரிப்பு வர வேண்டிய விஷயம். வரவில்லை.

ஈரத் துண்டு. செருப்பு. முதுகு வலி என்று மைக்கிடம் புலம்பிய மறுநாள் வந்த தலையணை. சொல்லாமலே புரிந்துகொள்கிறார் என்று எத்தனை முறை பூரித்திருக்கிறேன்! சொல்லாமல் எங்கே? எல்லாம் சொல்லித்தான் இருக்கிறேன். சொன்ன இடம்தான் எனக்குத் தெரியவில்லை.

கம்ப்யூட்டரில் என்னென்ன ஓடுகிறது என்ற பட்டியலைத் திறந்து பார்த்தேன். சவுண்ட் ஹெல்பர் என்று ஒன்று. சத்தத்துக்கு உதவியாளர்! நிறுத்தினேன். கொஞ்ச நேரத்தில் தானாக மறுபடி எழுந்து உட்கார்ந்தது. கோப்பை அள்ளும்போது கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சிந்தவைத்தது இதுதான்.

மார்ச் 22, சனி

கேட்டேன். கேட்டேவிட்டேன்.

எலிப்பொறியைக் காபி டம்ளருக்குப் பக்கத்தில் வைத்து, "எலி எங்கே?" என்றேன்.

"என்ன எலி?"

"அதைத்தான் நானும் கேக்கறேன். இந்த வீட்ல எலி இருக்குன்னு நான் யார்கிட்ட சொன்னேன்?"

திருடனுக்குத் தேள் கொட்டியது மாதிரி முகம். கத்தவும் முடியாது, சும்மா இருக்கவும் முடியாது. அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. நகல் ஒழுங்காகப் போகிறதா என்று பார்க்கத்தான் முதலில் ஆபீஸிலிருந்து என் கம்ப்யூட்டரைத் திறந்தாராம். நான் பேசிக்கொண்டிருந்தேனாம். "என்கிட்ட பேசாததெல்லாம் பேசிக்கிட்டு இருந்தே. அதனால கேட்டேன்." மறுநாளும் கேட்டார். அப்புறம் டீ குடிக்கும்போது, சாப்பிடும்போது, வேலை இல்லாதபோது. காதில் மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்கிறார் என்றுதான் ஆபீஸில் எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

"எத்தனை நாளா?"

"அதெல்லாம் கணக்கா வெச்சிருக்கேன்?"

"நீங்க கேக்கறதாலதான் டப்பு சத்தம் வருதுன்னு எப்பத் தெரியும்?"

காபி டம்ளரை நகர்த்தி வைத்தார். நானும் விடவில்லை. கடைசியில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நீ டப்பு டப்புன்னு புலம்ப ஆரம்பிச்ச ஒரு வாரத்துலயே தோணுச்சு. ஞாயித்துக்கிழமை வரலேன்னு நீ ஓடி வந்து சொன்னப்ப நிச்சயமாத் தெரிஞ்சுபோச்சு."

"அதுக்கப்புறமும் கேட்டீங்க."

"அதான் நல்ல பெட்டியா வாங்கிக் குடுத்தேனே!"

இந்த வரியை எழுதிவிட்டுப் பேனாவை வைத்துவிட்டேன். இப்போதுதான் மறுபடி எடுக்கிறேன்.

பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். என் வீட்டிலேயே நடந்திருக்கிறது, தொட்டில் ஆடுகிற சுகத்தில் நான் கண்ணீர் வேறு விட்டிருக்கிறேன். நான் ஃப்ரிட்ஜை அணைச்சுப் பாலைக் கெடுத்துக்கிட்டு நின்னேன். வாய்ல கோளாறுன்னு தண்ணியா குடிச்சேன். டாக்டர்கிட்ட போகலாமான்னு கேட்டியே — கேட்டீங்களே — தெரிஞ்சுக்கிட்டேதானே கேட்டீங்க? மாசக் கடைசியில என் நாவல் கையை விட்டுப் போயிடும்னு தெரியும். போனாப் போகட்டும்னுதானே இருந்தீங்க?

அதையும் கேட்டேன். அதற்கு வந்தது கோபம். "நான் என்ன ஊரான் பொண்டாட்டி பேசறதையா கேட்டேன்? என் பொண்டாட்டி குரலைக் கேட்டேன். அது ஒரு குத்தமா?"

என் குரல் இவருடையது என்று எனக்கு இன்றுதான் தெரியும்.

மார்ச் 23, ஞாயிறு

"இவர்" என்று எழுதவந்து கை நின்றுவிட்டது. அவர்.

மார்ச் 26, புதன்

கம்ப்யூட்டரையும் மைக்கையும் ஒரு போர்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு அக்காவின் தையல் கடைக்கு வந்துவிட்டேன். மாற்றிக்கொள்ள நாலு புடைவை. அவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். திறந்துவிடத்தான் நின்றாரா, தடுக்க நின்றாரா, அதுவும் புரியவில்லை. புதுப் பெட்டியை மேஜையிலேயே விட்டுவிட்டேன். எலிப்பொறிக்குப் பக்கத்தில்.

அக்கா ஒன்றும் கேட்கவில்லை. நானாகச் சொன்னபோது, "கேட்டாரா? வெறுமனே கேட்டதுதானா? அடிச்சாரா, வேற பொம்பளை ஏதாச்சும்..." என்று இழுத்தாள். இதுதான் இனி எல்லோரும் கேட்கப்போகும் கேள்வி. வெறுமனே கேட்டதுதானா?

"உன் கடை ட்ரையல் ரூம்ல ஒருத்தன் ஓட்டை போட்டுப் பார்த்தா, வெறுமனே பார்த்ததுதானேன்னு விட்டுடுவியாக்கா?" என்றேன். அக்கா வாயிலிருந்த நூலைத் துப்பிவிட்டு எழுந்துபோய் எனக்குச் சரக்கு அறையைக் காலி செய்து கொடுத்தாள்.

துணிக்கட்டுகள் கூரைவரை அடுக்கியிருக்கிற அறை. எந்த ஸ்டூடியோவும் தோற்றுவிடும்; பேசினால் குரல் சுவரைத் தொடுவதே இல்லை. கம்ப்யூட்டரில் இருந்த அத்தனையையும் துடைத்துவிட்டு முதலிலிருந்து ஏற்றினேன். நகல் கிடையாது. வைஃபை கிடையாது. போனால் போகட்டும்.

எடிட்டரம்மாவிடம் போனில், "கம்ப்யூட்டர்ல எலி புகுந்திருந்துச்சு மேடம். பிடிச்சுட்டேன்" என்றேன். அவர் சிரித்துவிட்டு ஏப்ரல் இருபதுவரை அவகாசம் கொடுத்தார்.

ஏப்ரல் 4, வெள்ளி

ஒரு டப்பு இல்லை. ஐந்து அத்தியாயம் ஏற்றுக்கொண்டாகிவிட்டது. "இதே பொண்ணா இது?" என்று எடிட்டரம்மா கேட்டார்.

நான் படிக்கும்போது அக்கா தையல் மிஷினை நிறுத்திவிட்டுக் காஜா எடுக்க உட்கார்ந்துவிடுகிறாள். ஊசியும் நூலும்தான், சத்தம் இல்லாத வேலை. கடையில் சட்டைகள் பொத்தான் ஓட்டையோடு குவிகின்றன, கை இல்லாமல்.

சந்தோஷமாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் தப்பு வந்தால் இப்போது கை மட்டும் தட்டுகிறேன். திட்டு வருவதில்லை. வாய் திறக்கிறது, சுற்றிப் பார்க்கிறேன், மூடிக்கொள்கிறது. துணிக்கட்டுக்குப் பின்னால் யார் இருக்கப்போகிறார்கள்? யாரும் இல்லை. தெரிகிறது. ஆனாலும் வருவதில்லை. அவர் கொண்டுபோனது அதைத்தான்.

ஏப்ரல் 9, புதன்

அக்காவின் சரக்கு அறையில் நிஜமாகவே எலி. லைனிங் துணி ஒரு முழம் போச்சு. "உங்க வீட்ல புதுசா பொறி இருக்குன்னியே, போய் எடுத்துட்டு வாயேன்" என்றாள் நினைவில்லாமல். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். கடைசியில் இருவரும் போய்க் கடையில் ஒன்று வாங்கிவந்தோம்.

ஏப்ரல் 17, வியாழன்

கடைசி அத்தியாயத்துக்கு உட்காரும்போது போன் அடித்தது. வந்த நாளிலிருந்து அவர் அழைப்பை எடுக்கவில்லை. இன்று எடுத்தேன். ஏன் என்று தெரியவில்லை. ஒருவேளை முடிக்கிற நாள் என்பதால் இருக்கும்.

"சாப்டியா?" என்றார்.

"ஆச்சு."

"இப்ப அந்தச் சத்தம் வருதா?"

"வரல."

"என் கம்ப்யூட்டர்லேருந்து அந்த ப்ரோக்ராம எடுத்துட்டேன். நீயே வந்து பாத்துக்கோ. வீடு சத்தமே இல்லாம இருக்கு. எப்ப வர்றே?" என்றார். குரல் உடைந்துதான் இருந்தது. பதினாலு வருஷம். வாயில் ஆயிரம் வார்த்தை வந்து நின்றது. ஒன்றையும் அவருக்குக் கொடுக்க மனம் வரவில்லை. என்னுடைய வார்த்தைகளை அவர் போதுமான அளவு கேட்டுவிட்டார்.

தொண்டையைச் செருமி, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தேன்.

"உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்" என்றேன். "தயவுசெய்து காத்திருக்கவும்."

போனை அணைத்துத் துணிக்கட்டின் மேல் வைத்தேன். அன்று ஒரு நாள் முழுக்க எடுத்த வாசகம். இன்று ஒரே தடவையில் சரியாக வந்துவிட்டது.